தலைமை ஆசிரியருக்கும் ஒரு வகுப்பு வேண்டும்!



சிம்மக்கல்லில் பஸ் ஓட்ட லைசென்ஸ் வேண்டும். நமக்குப் பாடம் நடத்த பி.எட். வேண்டும். ஒரு பள்ளியையே நடத்த என்ன வேண்டும்? பணிமூப்பு வேண்டும், துறைத் தேர்வு வேண்டும். அந்தத் தேர்வு விதிகளையும் கணக்கையும் கேட்கும். படிப்பை விட்டு நின்ற பையனின் அம்மாவிடம் எப்படிப் பேசணும்னு கேட்குமா?

எங்களுக்குக் கணக்கு எடுத்த சார் ஒருவர் இப்போது வேறு ஊரில் தலைமை ஆசிரியர். போன மாதம் பெரியார் பஸ் நிலையத்தில் பார்த்தேன். "சாக்பீஸ் பிடிச்சே ரொம்ப நாளாச்சுப்பா, எல்லாம் ரெஜிஸ்டரும் கம்ப்யூட்டரும்தான்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நல்ல ஆசிரியர் ஒருவரை வகுப்பிலிருந்து எடுத்துவிட்டோம். அவர் நல்ல தலைமை ஆசிரியராக யார் உதவினார்கள்?

வேலையும் கூடிக்கொண்டே போகிறது. 2022 செப்டம்பர் 15 அன்று நம் பக்கத்து நெல்பேட்டை ஆதிமூலம் மாநகராட்சி தொடக்கப் பள்ளியில்தான் காலை உணவுத் திட்டத்தை முதலமைச்சர் தொடங்கி வைத்தார். அருமையான திட்டம்! ஆனால் அதையும் கவனிக்கணும், பள்ளி மேலாண்மைக் குழுவையும் கூட்டணும், தேர்ச்சி குறைந்தால் பதிலும் சொல்லணும். எல்லாம் ஒரே ஆள்!

பயிற்சியே இல்லைன்னு சொல்ல மாட்டேன். 2012-இல் டெல்லியில் பள்ளித் தலைமைக்கென்றே ஒரு தேசிய மையம் வந்தது. 2019-இல் 'நிஷ்தா' பயிற்சி வந்தது. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு தரும் சில நாள் பயிற்சி போதுமா? வைகையில் வெள்ளம் வரும்போது இறக்கிவிட்டு, அப்புறம் நீச்சல் சொல்லித்தர முடியுமா? சிங்கப்பூரில் பள்ளி முதல்வராகப் போகிறவர்களை அதற்கு முன்பே பல மாதம் முழுநேரமாகப் படிக்க வைக்கிறார்கள்.

நாம் கேட்பது மூன்றுதான். பொறுப்பேற்கும் முன், அனுபவமுள்ள தலைமை ஆசிரியர் ஒருவருடன் ஒரு பருவம் இருந்து பழகணும். முதல் வருஷம் சந்தேகம் வந்தால் போனில் கேட்க ஒரு மூத்தவர் வேண்டும். ரெஜிஸ்டர் வேலைக்கு எல்லாப் பள்ளியிலும் ஓர் அலுவலர் வேண்டும். செலவாகும்தான். ஆனால் ஒருவர் கற்றுக்கொண்டால் பலன் பள்ளி முழுக்க!

தலைமை ஆசிரியர் அறைக் கதவைத் தட்டும்போது நமக்கும் பயம் வரக்கூடாது. உள்ளே இருப்பவருக்கும் வரக்கூடாது. சரிதானே நண்பர்களே?

– 11ஆம் வகுப்பு மாணவன்