வகுத்தல் உள்ளே வந்த கதை

சென்ற பருவத்தில் காரைக்குடியில் ஒரு பொறியியல் கல்லூரி ஆய்வகத்துக்குப் போயிருந்தேன். மின்முலாம் பூசுவதற்கான துடிப்பு மின்னோட்டக் கருவி ஒன்றை மாணவர்கள் ஆர்டுயினோ ஊனோ பலகையில் செய்திருந்தார்கள். 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இயங்கும் ஊரில் இது இயல்பான ஆசைதான். குறை ஒன்றே ஒன்று. ஆஸிலோஸ்கோப்பில் பார்த்தால் துடிப்பின் விளிம்பு அவ்வப்போது பத்துப் பன்னிரண்டு மைக்ரோ வினாடி பிந்தி வந்தது. ஆப்டிமைசேஷனை முழுவதும் நிறுத்தினால் அது மறைந்தது. "கம்பைலர்ல பக் சார்" என்றார்கள்.

நிறுத்தியதால் வேறொன்று கெட்டிருந்தது. ஊனோவின் ஏவிஆர் சிப்புக்கான நூலகத்தின் தாமதச் சார்புகள் ஆப்டிமைசேஷன் இருந்தால்தான் சொன்ன நேரத்துக்கு நிற்கும். இல்லாவிட்டால் கம்பைலரே எச்சரிக்கும். அந்த எச்சரிக்கை திரையில் ஓடிக்கொண்டுதான் இருந்தது, யாரும் படிக்கவில்லை.

அவர்கள் எழுதிய வரிசை இது: முதலில் வகு, பிறகு இன்டரப்டை அடை, விடையைப் பொது மாறியில் எழுது, இன்டரப்டைத் திற. மாறி 16 பிட், சிப் 8 பிட். எழுத இரண்டு கட்டளை வேண்டும். நடுவில் இன்டரப்ட் புகுந்தால் பாதி பழையது, பாதி புதியது. ஆகவே அடைத்தது சரி. டிஸ்அசெம்பிளியைத் திறந்தோம். இன்டரப்டை அடைக்கும் சிஎல்ஐ கட்டளைக்குக் கீழே, அடைத்த கதவுக்குள், வகுத்தல் ரொட்டீனுக்கான அழைப்பு உட்கார்ந்திருந்தது. இந்தச் சிப்பில் வகுத்தலுக்கென்று கட்டளை கிடையாது. மென்பொருளாகச் செய்ய ஏறத்தாழ 200 சுழற்சி ஆகும். 16 மெகாஹெர்ட்ஸில் அதுதான் அந்தப் பன்னிரண்டு மைக்ரோ வினாடி. துடிப்பை மாற்றும் இன்டரப்ட் அதுவரை கதவுக்கு வெளியே காத்திருந்தது.

இது புதிதல்ல. அந்த நூலகமான ஏவிஆர் லிப்சியின் ஆவணத்திலேயே இதே உதாரணம் இருக்கிறது. சிஎல்ஐ மேக்ரோவில் நினைவகத் தடுப்பு இருந்தும் ஏன் பலிக்கவில்லை என்பதுதான் நாம் ஊன்றிப் பார்க்க வேண்டிய இடம். தடுப்பு நினைவகத்தைத் தொடும் வேலைகளை மட்டுமே நிறுத்தும். வகுத்தலோ ரெஜிஸ்டரில் தொடங்கி ரெஜிஸ்டரில் முடிகிறது. ஆத்தங்குடித் தரைக்கல் வார்ப்பதை நினைத்துப் பாருங்கள்: அச்சில் கண்ணாடி மேல் சிவப்பை முதலில் ஊற்றினாலும் மஞ்சளை முதலில் ஊற்றினாலும் பூ ஒன்றுதான். ஆனால் கலவையைக் கொட்டிய பிறகு வண்ணம் ஊற்ற முடியாது. முன்னதில் ஒன்று மற்றதைச் சார்ந்திருக்கவில்லை, பின்னதில் சார்ந்திருக்கிறது. கம்பைலருக்குத் தெரிந்த நியாயம் அவ்வளவே. நேரம் என்பது அதன் கணக்கில் இல்லை.

எனவே சி மொழி விதிப்படி இது கம்பைலர் பிழை ஆகாது. கம்பைலர் தவறே செய்யாது என்று நான் சொல்லவில்லை. 2008இல் கணினி ஆய்வாளர்கள் எரிக் ஐடும் ஜான் ரெகரும் 13 சி கம்பைலர்களைச் சோதித்தார்கள். வோலடைல் மாறிகளைக் கையாள்வதில் அத்தனையும் எங்கேனும் பிழையான இயந்திர நிரல் தந்தன. ஆனால் அவர்கள் அதை அந்த நிரலைக் காட்டி நிறுவினார்கள். ஆப்டிமைசேஷனை நிறுத்தினால் சரியாகிறது என்பது சான்று ஆகாது. நம் கல்லூரிகளில் இது சான்றாகச் செல்லுபடியாவது எனக்கு வருத்தம் தருகிறது. புராஜெக்ட் வைவாவில் ஒரே ஒரு சார்பின் டிஸ்அசெம்பிளியையாவது வாய்விட்டு விளக்கச் சொல்லி மதிப்பெண் தர வேண்டும்.

தீர்வு ஒரு வரி. சிஎல்ஐக்கு முன், விடை மாறியை உள்ளீடாகவும் வெளியீடாகவும் கொண்ட வெற்று வோலடைல் அசெம்பிளி வரி. வோலடைல் அசெம்பிளி வரிகளை ஜிசிசி ஒன்றுக்கொன்று இடம் மாற்றாது. விடை கையில் இல்லாமல் அந்த வரியைத் தாண்டவும் முடியாது. வகுத்தல் வெளியேறியது, விளிம்பு அசையாமல் நின்றது.

ஏவிஆர் ஒற்றைக் கோர், கட்டளைகளை வரிசை மாறாமல் நடத்துவது. அதனால் இது போதும். சென்னை ஐஐடியின் சக்தி பிராசஸர்கள் பின்பற்றும் ரிஸ்க்-ஃபைவில், கோர்கள் பல இருந்தால், வன்பொருளே நினைவக வேலைகளை முன்பின் ஆக்க விதி இடம் தருகிறது. அங்கே வரிசையைக் காக்கும் ஃபென்ஸ் கட்டளை தேவை.

அந்த வெற்று வரிக்கு மேல் காரணத்தைத் தமிழிலேயே கமெண்டாக எழுதச் சொன்னேன். அது இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு மாணவர், ஒன்றும் செய்யாத வரி என்று அதை அழித்துவிடுவார்.