முட்டுநிலையும் மறுதொடக்கமும்

தென்காசியினின்றும் செங்கோட்டை வழியாகப் புனலூர் செல்லும் மலைவழி இருப்புப்பாதை 1904-ஆம் ஆண்டிலே திறக்கப்பெற்றது, 2018-இல் அகலப்பாதையாயிற்று. இன்றும் அஃது ஒற்றைத் தடமே. ஆகலின் எதிரெதிர் வரும் வண்டிகள் நிலையங்களிலன்றி ஒன்றையொன்று கடத்தல் இயலாது. நடுவழியில் நேர்ப்படுமாயின், 'நீ விலகினாற் செல்வேன்' என்று இரண்டும் நிற்குமேயன்றி ஒன்றும் நகராது. கணிப்பொறியிலும் இத்தகைய நிலை உண்டு. அதனை ஈண்டு முட்டுநிலை என்போம்.

லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவாகிய கெர்னல், மாட்யூல் என்னும் உறுப்புக்களை வேண்டும்பொழுது ஏற்றிக்கொண்டு, வேண்டாதபொழுது இறக்கிவிடும் இயல்பினது. முட்டுநிலை இவ்வேற்றத்திலும் இறக்கத்திலும் நேர்வதுண்டு. 2013 ஜனவரியில் ஆராயப்பட்ட நிகழ்ச்சி யொன்று இதற்கு நல்ல சான்று. யூ.எஸ்.பி. நினைவுக்கோலைச் செருகியவுடன், அதனை அறிந்துகொள்ளும் வேலை பின்னணியிலே தொடங்கிற்று. அவ்வேலை இடையிலே வேறொரு மாட்யூலை ஏற்றுமாறு வேண்டிற்று. ஏற்றப்பட்ட மாட்யூலோ, பின்னணி வேலைகள் அனைத்தும் முடிந்தாலன்றித் தன் ஏற்றம் நிறைவுறாதெனக் காத்துநின்றது. அவ்வேலைகளுள் தன்னை அழைத்த வேலையும் ஒன்றென்பதை அஃது எங்ஙனம் அறியும்! பின்னணி வேலை எதனையும் தொடங்காத மாட்யூல் அவ்வாறு காத்தல் வேண்டா என்று டெஜுன் ஹியோ என்பார் திருத்தினார், சிக்கல் அவிழ்ந்தது.

இறக்கத்தில் நேர்வது வேறு வகை. மாட்யூலை நீக்குவோன் ஒரு பூட்டைக் கைக்கொண்டு, அதற்குரிய கோப்பை அழிக்க முயல்வான். கோப்பினுள் எழுதிக்கொண்டிருப்பவன் வெளியேறும்வரை அழிப்பு நிறைவேறாது. எழுதுபவனோ அதே பூட்டுக்காகக் காத்திருப்பான்.

இத்தருணத்தில் ஆய்வுக்கூடங்களிற் பலர் செய்வது யாது? பொறியை அணைத்து மீண்டும் இயக்குதல். இது மருத்துவமன்று, நோயாளியுடன் நோய்க்குறியையும் புதைப்பதாகும். வேலை தடைப்படலாகாதே என்பர். உண்மையே, ஆயினும் சான்றுகளைத் திரட்டச் சில நிமிடங்களே போதும். 120 விநாடிகள் அசையாது கிடக்கும் வேலையைக் கெர்னல் தானே பதிவேட்டிற் குறித்துவைக்கும் வழக்கம் உண்டு. எம்மாட்யூல் ஏற்றத்திலோ இறக்கத்திலோ நின்றுவிட்டதென்பது மாட்யூற் பட்டியலில் தெரியும். 2006-இல் இங்கோ மோல்னார் என்பார் அமைத்த லாக்டெப், பூட்டுக்கள் முறைமாறிப் பற்றப்படுதலை, முட்டு நேருமுன்னரே எச்சரிக்கும். ஆனால் மேற்கூறிய 2013 நிகழ்ச்சியிற் போல, பூட்டின்றி வெறுங் காத்திருப்பால் விளையும் வட்டம் அதன் கண்ணுக்குப் பெரும்பாலும் தப்பிவிடும். அங்கே மனிதனே படிக்கவேண்டும்.

அப்படிப்பு தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. நின்றுபோன வேலை ஒவ்வொன்றின் அழைப்புத்தொடரும் பதிவேட்டில் தனித்தனியே சிதறிக் கிடக்கும். கடைசியில் அழைக்கப்பட்டதே முதலில் நிற்கும். எது எதனை நோக்கிக் காக்கின்றதென எடுத்துச் சேர்த்தல் கொண்டுகூட்டுப் பொருள்கோளையே ஒக்கும். நன்னூல் பயின்றார் இதற்கு அஞ்சுவானேன்?

இஃது அயல்நாட்டார்க்கே உரிய ஆராய்ச்சி என எண்ணுவாரும் உளர். ஜோஹோ நிறுவனம் 2011-இல் தென்காசியிற் பணி தொடங்கியது. குற்றாலத்தை அடுத்த மத்தளம்பாறையிலே இன்று மென்பொருள் எழுதப்படுகின்றது. லினக்ஸின் மூலநிரலோ எவரும் படிக்கத் திறந்து கிடக்கின்றது. ஆகவே இப்பக்கத்துக் கல்லூரி ஆய்வுக்கூடங்களிற் பொறிதோறும் ஒரு குறிப்பேடு வைத்தல் வேண்டும். பொத்தானை அழுத்துமுன், கெர்னலின் பதிப்பெண், மாட்யூற் பட்டியல், காத்துநிற்கும் வேலைகளின் அழைப்புத்தொடர், கடைசியாகச் செய்த செயல் ஆகியவற்றை மாணவர் அதில் எழுதிக் கையொப்பமிடல் வேண்டும்.