பேரனுக்கு ஒரு பேர்

எனக்கு சாக்ரடீஸ் என்று பெயர் வைத்தவர் என் அப்பா. வருஷம் 1956. அந்த வருஷம்தான் 'ராஜா ராணி' வந்தது. கலைஞர் வசனம். படத்துக்குள்ளே ஒரு நாடகம். அதில் சிவாஜி சாக்ரடீஸாக வந்து விஷக் கோப்பையைக் குடிப்பார். அப்பா டெண்ட் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து மூன்று தடவை பார்த்தாராம். நான் பிறந்தேன். மாட்டிக்கொண்டேன்!

மூலனூரில் இந்தப் பெயரோடு காலம் தள்ளுவது லேசில்லை. பள்ளிக்கூடத்தில் 'சாக்கரட்டீசு'. ரேஷன் கார்டில் 'சக்கரதாஸ்'. பருத்தி ஏலத்துக்குப் போனால், "சாக்கண்ணன் வந்துட்டாருங்கோ!" எது மூட்டை, எது நான் என்று எனக்கே குழப்பம்.

அர்த்தம் என்னவோ பிரமாதம். கிரேக்க மொழியில் 'ஸோஸ்' என்றால் சேதமில்லாதது. 'கிராடோஸ்' என்றால் வலிமை. ('டெமாக்ரஸி'யின் வால் இதுதான்.) நகைக்கடை பாஷையில் சொன்னால், சேதாரமில்லாத பலம்!

நம்மூருக்குக் கிரேக்கப் பெயர்கள் புதிதல்ல. ஸ்டீபன் என்றால் கிரீடம். பிலிப் என்றால் குதிரைப் பிரியர். ஜார்ஜ் என்றால் சாட்சாத் உழவர்! இவையெல்லாம் மாதா கோயில் வழியாக வந்தவை. சாக்ரடீஸ் வந்தது பகுத்தறிவு மேடை வழியாக. பிரேஸிலில் புத்தகப் பிரியரான ஓர் அப்பா மூன்று பிள்ளைகளுக்கு சாக்ரடீஸ், சோஸ்தனீஸ், சோஃபக்ளீஸ் என்று பெயர் வைத்தார். மூத்தவர் டாக்டருக்குப் படித்து, 1982 உலகக் கோப்பையில் பிரேஸில் கால்பந்து அணிக்கே கேப்டன் ஆனார். நான் பருத்திக்குக் கேப்டன்.

மூன்று மாதம் முன்பு எனக்குப் பேரன் பிறந்தான். தாத்தா பெயரைத் தாங்குகிறவன்தான் பெயரன், அதுவே பேரன். கிரேக்கர்களுக்கும் இதே வழக்கம். சாக்ரடீஸே ஒரு மகனுக்குத் தன் அப்பா பெயரை, சோஃப்ரோனிஸ்கஸ் என்று வைத்தார். ஆக, நம் கட்சி பலமானது என்று பேச்சை எடுத்தேன்.

"ஏனுங் மாமா, வெசங் குடிச்சவர் பேரையா எம்பட புள்ளைக்கு வெக்கிறது?" என்றாள் மருமகள்.

சுருக்கென்றது. காட்டுக்கு மருந்தடிக்கிற வீடுகளில் அந்த வார்த்தையை யாரும் விளையாட்டாகச் சொல்வதில்லை. எந்தக் களத்துமேட்டில் எந்த டப்பா கிடந்தது என்று ஊருக்கே தெரியும்.

"அவராக் குடிக்கலை கண்ணு, குடிக்க வெச்சாங்க" என்றேன். கி.மு. 399. ஏதென்ஸில் சுமார் 500 பேர் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார்கள். இளைஞர்களைக் கெடுத்தார், ஊர்ச் சாமிகளை மதிக்கவில்லை என்று குற்றச்சாட்டு. உண்மையில், எல்லோரையும் கேள்வி கேட்டதுதான் வினை. தப்பி ஓட நண்பர்கள் ஏற்பாடு செய்தும், சட்டத்தை மீற மாட்டேன் என்று மறுத்துவிட்டார்.

"அவருக்குக் கொழந்தைக?"

"மூணு பசங்க. ரெண்டு சின்னது."

"அதுகளுக்காவது ஓடியிருக்கலாமல்லோ?"

என்னிடம் பதில் இல்லை. 2,400 வருஷமாகப் பெரிய படிப்பாளிகளே மல்லுக்கட்டுகிற கேள்வி. தொட்டிலை ஆட்டிக்கொண்டே கேட்டுவிட்டாள். நியாயமாகப் பார்த்தால் அந்தப் பெயர் இவளுக்குத்தான் பொருத்தம்!

பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்க 12 மாதம் வரை கட்டணம் கிடையாது. இன்னும் 9 மாதம் இருக்கிறது. அவளே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டேன். இப்போதைக்குப் பயல் பெயர் 'தங்கம்'. சேதாரமில்லாமல் வளர்ந்தால் சரி.