தமிழ்ப் பல்லியும் தமிழ்99 விசைப்பலகையும்



சென்ற பருவத்தில் நம் கழகம் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்குக் கதை சொல்லும் போட்டி ஒன்றை நடத்தியது. அழைப்புக் கடிதத்தைத் தட்டச்சு செய்யும் பொறுப்பைச் செயலவை என்னிடம் ஒப்படைத்தது. இரவு இரண்டு மணிக்கு முடித்து, சரிபார்க்காமலேயே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன். மறுநாள் காலையில் ஒரு தலைமையாசிரியர் அழைத்தார். "தம்பி, எங்க பள்ளிக்கூடத்துல பல்லிங்க நெறைய இருக்குதான். ஆனா அதுங்களுக்கு நான் தலைமையாசிரியர் இல்லப்பா" என்றார். பதறிப்போய்க் கடிதத்தைத் திறந்தேன். 'மதிப்பிற்குரிய தமிழ்ப்பல்லித் தலைமையாசிரியர் அவர்களுக்கு' என்றிருந்தது!

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் படித்தவன் நான். தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன பின்பும், மற்றவர்கள் வீட்டுக்குக் கிளம்பிய பிற்பகல்களில் வகுப்பில் அமர்ந்து, எஸ்.பி.எம். வரை தமிழ் எடுத்தவன். பேனாவைக் கையில் கொடுத்தால் 'பள்ளி'யைப் 'பல்லி' என்று தூக்கத்தில்கூட எழுதமாட்டேன். அப்படியிருக்க, பேனா பிடிக்கும்போது தெரிந்த தமிழ், விசைப்பலகையைத் தொட்டவுடன் எங்கே போனது? இக்கேள்விதான் என்னை இக்கட்டுரையை எழுத வைத்தது.

நான் பயன்படுத்தியது, என் நண்பர்களில் பலரும் பயன்படுத்தும் ரோமன் எழுத்து முறை. 'அம்மா' என்று எழுத ஏ, எம், எம், ஏ, ஏ என ஐந்து விசைகளை அழுத்துவோம். இம்முறையில் லகரமும் ளகரமும் 'எல்' என்ற ஒரே விசையில் இருக்கின்றன. ஷிஃப்ட் விசையைச் சேர்த்து அழுத்தினால் ள, அழுத்தாவிட்டால் ல. ர, ற இரண்டும் அப்படியே. நாக்கு தொடும் இடத்தால் வேறுபடும் எழுத்துகள், இங்கே ஆங்கிலத்தின் சிறிய எழுத்து, பெரிய எழுத்து என்ற வேறுபாடாகச் சுருங்கிவிடுகின்றன. தூக்கக் கலக்கத்தில் என் சுண்டுவிரல் ஷிஃப்டை மறந்தது, பள்ளி பல்லியாயிற்று.

தமிழ் விசைப்பலகையின் வரலாறு நம் மண்ணோடும் தொடர்புடையது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கிய ஆர். முத்தையா யாழ்ப்பாணத்தில் பிறந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயா, சிங்கப்பூர் பக்கம் பிழைக்க வந்தவர். 247 எழுத்துகளுக்கும் தனித்தனி விசை வைக்க இயலாது. ஆகவே கொம்பு, துணைக்கால், புள்ளி ஆகியவை தனி விசைகளாயின. புள்ளிக்கு நகரா விசை வைக்கப்பட்டது. அதை அழுத்தினால் தாள் நகராமல் நிற்கும். அடுத்து அடிக்கும் எழுத்து அதே இடத்தில் விழும். 'கொ' எழுதக் கொம்பு, க, கால் என மூன்று விசைகள், கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே. இரும்பு இயந்திரத்துக்கு அது அருமையான தீர்வு. பழகிய தட்டச்சர்களுக்காக அதே அமைப்பு பின்னர்க் கணினிக்கும் வந்தது.

1980களின் நடுவில் நம் நாட்டின் முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். அதன் 'அஞ்சல்' முறைதான் நான் மேலே சொன்ன ரோமன் வழித் தட்டச்சு. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 'கணியன்' விசைப்பலகையைத் தந்தார். ஆளுக்கொரு விசைப்பலகை, ஆளுக்கொரு எழுத்துரு என்றிருந்த நிலையை மாற்ற 1997-இல் சிங்கப்பூரிலும், 1999 பிப்ரவரியில் சென்னையிலும் மாநாடுகள் கூடின. அதன் பயனாக 1999-இலேயே தமிழ்நாடு அரசு அறிவித்ததுதான் தமிழ்99.

தமிழ்99-இல் உயிரெழுத்துகள் எல்லாம் இடக்கைக்கு. மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. விரல்கள் இயல்பாக அமரும் நடுவரிசையில் இடப்புறம் அ, இ, உ, புள்ளி, எ. வலப்புறம் க, ப, ம, த, ந, ய. நெடில்களில் ஆ, ஈ, ஊ, ஏ ஆகியவை மேல்வரிசையில். 'கொ' எழுத க, ஒ என இரண்டே விசைகள். ஒன்றாம் ஆண்டில் ஆசிரியர் உயிர்மெய் அட்டவணையைக் காட்டி ஒப்பிக்கச் சொன்னாரே, அந்தக் கணக்குதான்! ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முதலாவதற்குத் தானாகவே புள்ளி விழும். ங-வுக்குப் பின் க, ந-வுக்குப் பின் த வந்தாலும் அப்படியே. 'அம்மா'வுக்கு அ, ம, ம, ஆ என நான்கு விசைகள் போதும். புள்ளி வேண்டாத இடத்தில் நடுவே ஓர் அகரம் தட்ட வேண்டும். 'பப்பாளி'க்கு ப, அ, ப, ப, ஆ, ள, இ. எனக்கு முதலில் சிக்கலாக இருந்தது இது ஒன்றுதான். லகரமும் ளகரமும் இங்கே வெவ்வேறு விசைகள். எந்த 'ல' என்று எண்ணாமல் விரலை நகர்த்தவே முடியாது.

இப்படிச் சொல்வதால் அஞ்சல் முறையை நான் குறை கூறுவதாக யாரும் எண்ண வேண்டாம். புலனத்தில் தமிழையே ஆங்கில எழுத்தில் எழுதும் நம் தலைமுறையில் பலரைத் தமிழ் எழுத்துக்குத் திருப்பியது அதுதான். நானே அதன் வழியாகத்தான் வந்தேன். எனினும் அம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. அதை எனக்குக் காட்டியவர் என் பாட்டி.

பாட்டி தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். அவர் கையெழுத்து அச்சுக் கோத்ததுபோல் இருக்கும். ஒரு விடுமுறையில் என் கைப்பேசியைக் கொடுத்து, "இந்த ஏ-வைத் தட்டினா அ வரும் பாட்டி" என்று விளக்கினேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, "ஏன்யா, அம்மான்னு எழுதக்கூட இங்கிலீசு தெரியணுமா?" என்று கேட்டுவிட்டுக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். எனக்குப் பதில் இல்லை. அன்றிரவு அதில் தமிழ்99-ஐ அமைத்தேன். மறுநாள் ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடித் தட்டினார். இப்போது பல்கலைக்கழக விடுதியில் இருக்கும் எனக்கு அவரிடமிருந்து வாரம் ஒரு செய்தியாவது வருகிறது: 'சாப்பிட்டாயா?' அதில் ஒரு பிழையும் இருப்பதில்லை.

"குரலால் சொன்னால் கணினியே எழுதிவிடுகிறதே, விசைப்பலகை எதற்கு?" என்று சில நண்பர்கள் கேட்கின்றனர். நூலகத்தில் அமர்ந்து கட்டுரையை உரக்கச் சொல்ல முடியுமா? எழுதியதை அடித்து, மாற்றி, ஒரு சொல்லை நடுவில் நுழைப்பதற்கு விரல்தான் வேண்டும். "பழகிவிட்டது, மாற்ற முடியாது" என்பது இன்னொரு வாதம். இதில் உண்மை உண்டு. ஆங்கில விசைப்பலகையே 1870களின் தட்டச்சுப் பொறியிலிருந்து வந்ததுதான். நடுவரிசையில் உயிரெழுத்துகளை வைத்து டுவோராக் என்பவர் 1936-இல் காப்புரிமை பெற்ற அமைப்பாலும் அதை அசைக்க இயலவில்லை. பழக்கம் அவ்வளவு வலியது. ஆனால் நம்மில் பலர் தமிழில் தட்டச்சே பழகாதவர்கள். இல்லாத பழக்கத்தை இழப்பதற்கு ஏன் அஞ்ச வேண்டும்?

என் அனுபவத்தைச் சொல்கிறேன். நாளுக்கு அரை மணி நேரம் பழகினேன். முதல் வாரம் எரிச்சலாக இருந்தது. பழைய முறைக்கே போய்விடலாமா என்று தோன்றியது. மூன்றாம் வாரத்தில் விசைகளைப் பார்க்காமல் எழுதினேன். மென்பொருளைத் தேடி அலையவும் வேண்டியதில்லை. ஐபோனில் 2013 முதல் அஞ்சல், தமிழ்99 இரண்டும் உள்ளன. இன்றைய விண்டோஸிலும் தமிழ்99 உண்டு.

ஆகவே நம் செயலவைக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தவணையில் புதிய மாணவர்களுக்கு இரண்டு சனிக்கிழமைகள் தட்டச்சுப் பட்டறை நடத்துவோம். கழக அறைக் கணினியின் விசைகளில் தமிழ் எழுத்து வில்லைகளை ஒட்டுவோம். ஒவ்வோர் ஆண்டும் இவ்விதழின் படைப்புகளை இரண்டு அக்காமார்கள் கண் விழித்துத் தட்டச்சு செய்கிறார்கள். அவர்கள் பட்டம் பெற்றுச் சென்றபின் யார் செய்வார்? தட்டச்சு தெரியாத காரணத்தால் எழுதாமலே போன கதைகளும் கவிதைகளும் எத்தனையோ!

இக்கட்டுரையை நானே தமிழ்99-இல் தட்டச்சு செய்தேன். எங்கேனும் பல்லி தென்பட்டால், அன்பர்களே, தயவுசெய்து தெரிவியுங்கள். இம்முறை பழியை ஷிஃப்ட் விசையின்மேல் போடமாட்டேன்!