"எல்லாம் கிளவுட்ல இருக்கு டீச்சர்"

கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரமில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை படியுங்கள், ஆனால் படியுங்கள்.

போன வாரம் எங்கள் வீட்டு நாஸ் பெட்டியின் படத்தைப் போட்டிருந்தேன். தெரியாதவர்களுக்காக: இரண்டு ஹார்டு டிஸ்க் போட்ட சின்னப் பெட்டி அது, இரண்டடுக்கு டிபன் கேரியர் அளவுதான் இருக்கும். மோடத்தோடு ஒரு லேன் வயரில் இணைத்துவிட்டால் வீட்டிலுள்ள போன், கம்ப்யூட்டர், டிவி எல்லாம் அதற்குள் வைக்கலாம், அதிலிருந்து எடுக்கலாம். அந்தப் படத்துக்கு வந்த கமெண்டில் பாதி, "எல்லாம் கிளவுட்ல இருக்கு டீச்சர், எதுக்கு இந்தச் செலவு?" மீதி, "இந்த வயசுல இது என்னத்துக்கு அத்தை?" வயசைப் பற்றிக் கேட்டவர்களுக்குப் பதில் கிடையாது. முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன்.

பேக்கப் என்றால் என்ன? இரண்டாவது பிரதி. உங்களில் எத்தனை பேர் போனில் "இடம் இல்லை" என்று வந்தவுடன் கூகுள் போட்டோஸில் "ஃப்ரீ அப் ஸ்பேஸ்" பொத்தானை அழுத்தியிருக்கிறீர்கள்? அது என்ன செய்கிறது தெரியுமா? மேலே ஏறிவிட்ட படங்களைப் போனிலிருந்து துடைத்துவிடுகிறது. அந்த நிமிடத்திலிருந்து உங்களிடம் இருப்பது ஒரே பிரதி. அதுவும் உங்கள் கையில் இல்லை. அதைப் போய்ப் பேக்கப் என்கிறீர்கள். மூன்றாம் வகுப்பில் கழித்தல் கணக்கு போட்டவர்கள்தானே நீங்கள்?

சரி, அவர்கள் கையிலாவது நிலையாக இருக்குமா? 2015ல் கூகுள் போட்டோஸ் வந்தபோது எத்தனை படம் வேண்டுமானாலும் இலவசம் என்றார்கள். ஊரே ஏற்றியது. 2021 ஜூன் 1 முதல் அந்த இலவசம் நின்றது. இப்போது மெயில், டிரைவ், போட்டோ எல்லாம் சேர்த்து 15 ஜிபி. அது நிரம்பினால் உங்களுக்கு மெயிலே வராது. இரண்டு வருஷம் உள்ளே போகாத கணக்கை அழித்துவிடலாம் என்று விதியும் வைத்திருக்கிறார்கள். அது அவர்கள் கடை, அவர்கள் விதி. அதில் எனக்குக் கோபம் இல்லை. ஆர்குட் ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் கல்லூரிக்குப் போன காலத்தில் படம் படமாக அங்கே போட்டீர்கள். 2014 செப்டம்பர் 30ல் மூடினார்கள். அந்தப் படங்களெல்லாம் இன்று யாரிடம் இருக்கின்றன என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் பார்க்கிறீர்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். 2022ல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் வந்த செய்தி. அமெரிக்காவில் ஒரு தகப்பன், உடம்பு சரியில்லாத தன் குழந்தையைப் போனில் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்புகிறார். கம்ப்யூட்டர் அதைத் தப்பான படம் என்று முடிவு கட்டிக் கணக்கைப் பூட்டிவிடுகிறது. போலீஸ் விசாரித்துக் குற்றம் ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகும் கணக்கு திரும்பவில்லை. படம், மெயில், போன் நம்பர் எல்லாம் போயிற்று.

அமெரிக்காவுக்கு ஏன் போக வேண்டும், நம் வீட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். சொந்தக்காரர்கள் பலருக்குத் தெரியும். என் கொழுந்தனார் திடீரென்று காலமானார். பதினோரு வருஷப் படங்கள் அவர் கணக்கில். போன் திறப்பது அவர் விரலுக்கு. துக்க வீட்டில் சிம்முக்கு ரீசார்ஜ் பண்ண யாருக்குத் தோன்றும்? சில மாதங்களில் அந்த எண்ணும் போய்விட்டது. கணக்குக்குள் போக ஓடிபி கேட்டால் அந்த எண்ணுக்குத்தான் அனுப்புவார்களாம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எல்லாம் ஸ்கேன் பண்ணி அனுப்பினோம். ஐந்து மாதம் கழித்து, முடியாது என்று நாலு வரி மெயில். அடியில் ஒரு மனுஷன் பெயர்கூட இல்லை. அவர்கள் விதிப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் முதல் வருஷத் திதிக்கு மாலை போட என் ஓரகத்தியிடம் ஒரு நல்ல படம் இல்லை. யாரோ கல்யாண ஆல்பத்தில் கூட்டத்தோடு நின்றவரை வெட்டிப் பெரிதாக்கிச் சட்டம் போட்டோம். அதில் அவர் முகம் பாதி திரும்பியிருக்கிறது. மகள் முதன்முதலில் நடந்த வீடியோவை அவர்தான் எடுத்தார். அது எங்கோ ஒரு நாட்டில் ஒரு கட்டடத்தில் பத்திரமாக இருக்கிறது. யாருக்காக?

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன் ஒருவன் பெங்களூரில் பெரிய கம்பெனியில் சர்வர் பார்க்கிறான். கம்பெனிக் கணக்குவழக்குக்கு மூன்று ஊரில் நகல் வைத்திருக்கிறார்களாம், பெருமையாகச் சொன்னான். உன் அம்மா படம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "போன்ல இருக்கு டீச்சர்" என்றான். சம்பளம் கொடுக்கிறவனுக்கு மூன்று, பெற்றவளுக்கு ஒன்று. அவன் இதைப் படிப்பான். படிக்கட்டும்.

இனி, "சூப்பர் டீச்சர்! நானும் வாங்கிட்டேன்" என்று கை தட்டியவர்களுக்கு. உங்களையும் விடப்போவதில்லை.

பெட்டியில் இரண்டு டிஸ்க் இருப்பதால் இரண்டு பிரதி இருக்கிறது என்று நினைக்கிறீர்கள். ரெய்டு 1 என்று அதற்குப் பெயர். 4 டெராபைட் டிஸ்க் இரண்டு போட்டாலும் 4தான் கிடைக்கும், ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே எழுதப்படும். ஒரு டிஸ்க் செத்தால் மற்றது ஓடும், புதிது போட்டுக்கொள்ளலாம். அவ்வளவுதான் அதன் பயன். பேரன் தெரியாமல் ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் அழியும். வைரஸ் வந்து பூட்டினால் இரண்டிலும் பூட்டும். திருடன் ஒரு டிஸ்க்கை மட்டும் கழற்றிக்கொண்டு போகப்போவதில்லை. அதனால் பெட்டியில் ஸ்நாப்ஷாட் வசதி இருந்தால் முதல் நாளே போட்டுவிடுங்கள், அழித்ததைப் பழைய தேதியிலிருந்து மீட்கலாம். ஆனால் பெட்டியே போனால் ஸ்நாப்ஷாட்டும் போகும்.

பெட்டி எப்படிப் போகும் என்று எங்கள் மாவட்டத்துக்காரர்கள் கேட்க மாட்டார்கள். 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தாமிரபரணி ஸ்ரீவைகுண்டத்தையும் ஏரலையும் என்ன பாடு படுத்தியது என்று பார்த்தோம். தண்ணீர் வடிந்த பிறகு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஆல்பத்தைக் காயப்போட்டிருந்தார்கள். பிரித்தால் ஒரு பக்கத்து முகம் எதிர்ப்பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் வைத்த நாஸ் பெட்டிக்கும் அந்தக் கதிதான் ஆகியிருக்கும்.

ஆகவே மூன்றாவது ஒரு டிஸ்க் வேண்டும், அது வேறு ஊரில் இருக்க வேண்டும். அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் இதை 3-2-1 என்று சொல்லிப் பரப்பினார்: மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனத்தில், ஒன்று வேறு இடத்தில். நமக்கு இது புதுசா என்ன? ஓலைச்சுவடியைப் பூச்சி அரிக்கும் என்று தெரிந்துதான் தலைமுறைக்குத் தலைமுறை வேறு ஓலையில் எழுதி வைத்தார்கள். உ.வே.சா. ஊர் ஊராக அலைந்து பல வீட்டுச் சுவடிகளை ஒப்பிட்டதால்தான் 1894ல் புறநானூறு அச்சில் வந்தது. அப்படியும் 267, 268 ஆகிய இரண்டு பாட்டு இன்றுவரை கிடைக்கவில்லை. எந்த வீட்டிலும் நகல் இல்லை, அவ்வளவுதான்.

நான் செய்வது இது. இரண்டு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க். ஒன்று எங்கள் வீட்டில், ஒன்று மதுரையில் தங்கை வீட்டு பீரோவில். பொங்கலுக்கும் ஆடிக்கும் போகும்போது புதிதாக நகல் எடுத்ததைக் கொடுத்துவிட்டு அங்கிருப்பதை வாங்கி வருவேன். தங்கை வீட்டுப் படங்களும் அதிலேயே இருப்பதால் அவளுக்கும் இது பேக்கப். சம்பந்தி வீட்டோடு பேச்சுவார்த்தை நன்றாக இருப்பவர்கள் அங்கேயும் வைக்கலாம். கிளவுட் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. கூடுதலாக ஒரு நகல் அங்கேயும் கிடக்கட்டும். முதல் பிரதி மட்டும் உங்கள் வீட்டில் இருக்கட்டும்.

வெளியூரிலிருந்தும் படம் பார்க்க வேண்டும் என்று மோடத்தில் போர்ட் திறந்துவிடுகிற கெட்டிக்காரர்கள் சிலர் உண்டு. 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டல் கம்பெனியின் மை புக் லைவ் என்ற பெட்டி வைத்திருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று தேடிப் பாருங்கள். 2015க்குப் பிறகு அந்தப் பெட்டிக்கு அப்டேட் இல்லை. இணையம் வழியாக யாரோ உள்ளே புகுந்து துடைத்துவிட்டார்கள். உலகம் முழுக்க எத்தனையோ வீட்டுப் படங்கள் ஒரே நாளில் காலி. வெளியிலிருந்து பார்த்தே ஆக வேண்டும் என்றால் விபிஎன் போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு அது தேவைப்படவில்லை. ஊரில் இல்லாதபோது வீட்டுப் படத்தைப் பார்க்காமல் இருந்தால் ஒன்றும் ஆகாது.

"அதெல்லாம் கம்ப்யூட்டர் படித்தவர்கள் வேலை" என்கிறவர்களுக்கு: நான் படித்தது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம். டிஸ்க்கைத் தள்ளி மாட்டி, வயர் சொருகி, திரையில் கேட்டதற்குப் பதில் சொல்லி, வீட்டில் ஆளுக்கொரு பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து முடிக்க ஒரு மத்தியானம் ஆனது. போன் வைஃபைக்குள் வந்ததும் அன்றைய படங்கள் தானாகப் பெட்டிக்குப் போகும். அதற்கான செயலி பெட்டியோடே வருகிறது. பெட்டி, டிஸ்க்குகள், சின்ன யுபிஎஸ் எல்லாம் சேர்த்துச் செலவு அதிகம்தான், மறைக்கவில்லை. முடியாதவர்கள் மூலையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரில் ஓபன்மீடியாவால்ட் என்ற இலவச மென்பொருளைப் போடலாம். அதுவும் முடியாவிட்டால் இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி இரண்டு வீட்டில் வையுங்கள். பெட்டி ஒரு வசதிதான், நகல்தான் முக்கியம்.

கரண்ட் பில் ஏறுமாம். கணக்குப் போடுவோம். பெட்டி சராசரியாக 15 வாட் என்று வையுங்கள். ஒரு நாள் 24 மணி நேரம், மாதம் 30 நாள், மொத்தம் 10.8 யூனிட். இரண்டு மாதப் பில்லில் 22 யூனிட்கூட இல்லை. வேகத்துக்கும் ஒரு கணக்கு. எங்கள் இணைப்பில் மேலே ஏற்றும் வேகம் 40 எம்பிபிஎஸ். 1 டெராபைட்டைக் கிளவுடில் ஏற்ற நிறுத்தாமல் 55 மணி நேரம் ஆகும். வீட்டுக்குள் ஜிகாபிட் லேன் வயரில் மூன்று மணி நேரத்துக்குள் முடியும். குட்டிக் குட்டி ஃபைல்களாக இருந்தால் கொஞ்சம் கூடும். மோடத்தில் ஜிகாபிட் போர்ட் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் ஒரு நாள் பூராவும் காத்திருக்க வேண்டும்.

இன்னொரு கோபமும் இருக்கிறது, இறக்கிவிடுகிறேன். பெட்டி வாங்கிய மருமகன் ஒருவர் 3 டெராபைட்டுக்குச் சினிமா நிரப்பி வைத்திருக்கிறார். எல்லாம் டெலிகிராமில் இறக்கியது. பாட்டி படம் எங்கே என்றால் வாட்ஸப்பில் இருக்கிறதாம். வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கித்தான் வரும், மாப்பிள்ளை. சினிமா நாளைக்கும் கிடைக்கும்.

பெட்டிக்கும் ஒரு பாஸ்வேர்ட் உண்டு, அது என்னோடு போய்விட்டால் கொழுந்தனார் கதைதான். ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வீட்டுப் பத்திரத்தோடு வைத்திருக்கிறேன். எந்த ஃபோல்டரில் என்ன இருக்கிறது, டிஸ்க் எந்தத் தேதியில் வாங்கியது என்பதும் அதில் இருக்கிறது. மகனுக்கும் தங்கைக்கும் தெரியும்.

கடைசியாக நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு. 1996 முதல் 2003 வரையிலான ஆண்டு விழா வீடியோ கேசட் ஏழு என்னிடம் இருந்தது. விசிஆர் தயாரித்துக்கொண்டிருந்த கடைசிக் கம்பெனியும் 2016ல் நிறுத்திவிட்டது. கடற்காற்றில் கேசட்டில் பூஞ்சை வேறு. ஒரு மணி நேர டேப்பை மாற்ற ஒரு மணி நேரம் முழுதாக ஓட்ட வேண்டும், குறுக்கு வழி கிடையாது. ஐந்தை மாற்றிவிட்டேன், இரண்டு தேறவில்லை. கும்மி ஆடியவர்கள், கட்டபொம்மன் நாடகத்தில் வசனம் மறந்து அழுதவர், எல்லோரும் இருக்கிறீர்கள். நம்மோடு இப்போது இல்லாத தலைமையாசிரியரின் பேச்சும், படிக்கும்போதே தவறிப்போன ஒரு பிள்ளையின் பாட்டும் அதில் இருக்கின்றன. அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு நகல் கொடுத்துவிட்டேன்.

இப்போது அது என் வீட்டிலும், மதுரையிலும், அந்த அம்மாவிடமும் இருக்கிறது. எனக்குப் போதாது. 64 ஜிபி பென் டிரைவோ ஹார்டு டிஸ்க்கோ எடுத்துக்கொண்டு வாருங்கள், காப்பி போட்டுத் தருகிறேன். சனி, ஞாயிறு காலை பத்து முதல் ஒரு மணி வரை வீட்டில் இருப்பேன். "லிங்க் அனுப்புங்க டீச்சர்" என்று யாரும் கமெண்ட் போட வேண்டாம்.