ஒரு வெள்ளிக் கட்டணமும் தோட்டத்துத் தூரமும்

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளி, நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி. இந்த ஏற்பாட்டைக் குறித்து நாம் பெருமைப்படலாம். ஆனாலும் சிகாமட், லாபிஸ், குளுவாங் வட்டாரச் செம்பனைத் தோட்டங்களிலிருந்து வரும் இனிப்புநீர் நோயாளிகளில் பலர் மாத்திரை தீர்ந்து வாரக்கணக்கான பிறகே கிளினிக்கில் பணிபுரியும் நம் முன் வந்து உட்காருகிறார்கள். தோட்டத்துச் செம்மண் சாலைக்குள் பேருந்து வராது. வாடகைக் காருக்கு ஆகும் செலவும் அன்றைய கூலி இழப்பும் சேர்ந்தால், அந்த ஒரு வெள்ளி கணக்கிலேயே வராது.

ஒரு காலத்தில் தோட்டத்துக்குள்ளேயே டிரெஸ்ஸர் எனப்படும் மருத்துவ உதவியாளர் இருந்தார். இத்தகைய உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென 1965இல் தனிச் சட்டமே வந்தது. அவர்கள் பணிபுரிந்த சின்ன ஆஸ்பத்திரிகளை நான் உயர்த்திப் பேசவில்லை. பல இடங்களில் வசதி மிகக் குறைவு. ஆனால் நள்ளிரவில் கதவைத் தட்டினால் எழுந்து வர ஆள் இருந்தார், யார் வீட்டில் யாருக்கு என்ன நோய் என்பதும் அவருக்குத் தெரியும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது அவரும் போனார். அரசாங்கத்தின் கிராமக் கிளினிக்குகள் கம்பங்களை மனத்தில் வைத்து எழுந்தவை. தோட்டம் தனியார் நிலம் என்பதால் பெரும்பாலும் அந்தத் திட்டங்களுக்கு வெளியிலேயே நின்றது.

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடாக இருந்தது. மாதந்தோறும் மருந்து வாங்கியே ஆகவேண்டிய நோய், மாதந்தோறும் பயணம் செய்ய முடியாத தோட்டத்து இந்தியர்களிடமும் இருக்கிறது.

நம் கையில் ஒரு வழி உண்டு. எஸ்.பி.யூ.பி. எனப்படும் மருந்து வழங்கும் முறையில், மருந்துச் சீட்டிலுள்ள மீதி மாதங்களின் மருந்தை நோயாளி தன் வீட்டுக்கு அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கிலேயே வாங்கலாம். அஞ்சல் வழியும் பெறலாம். இதைத் தோட்ட மக்களுக்குத் தமிழில் விளக்கிச் சொல்கிறோமா என்பதே என் கவலை. மலாய்ப் படிவத்தை நீட்டிவிட்டு அடுத்தவரை அழைத்தால் அது விளக்கமாகாது.

நோயாளியின் அட்டையில் 'வரவில்லை' என்று எழுதுமுன், எங்கிருந்து, எதில், என்ன செலவில் வருகிறார் என்று கேளுங்கள். கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே நாளில் தேதி கொடுங்கள். எஸ்.பி.யூ.பி. படிவத்தை அவர் எழுந்து போவதற்குள் நீங்களே நிரப்பிக் கொடுங்கள்.