ஜப்பானா அமெரிக்காவா? மெக்கானிக் எங்கேய்யா?

போன வாரம் ஊருக்கு (பாப்பாரப்பட்டிங்க, தர்மபுரி பக்கம்) போயிருந்தப்ப டீக்கடையில ஸ்போர்ட்ஸ் கார் பஞ்சாயத்து. "அமெரிக்கக்காரன் வண்டி நல்லா உறுமும், நடுரோட்டுல நிக்கும். ஜப்பான்காரன் வண்டின்னா தாத்தா வாங்கினதைப் பேரன் ஓட்டலாம்"னு மாமா பையன் அடிச்சு விடறான். சுத்தி இருந்தவங்க எல்லாம் தலையாட்டறாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

மக்களே, இஞ்சினுக்கு பாஸ்போர்ட் கிடையாது. டொயோட்டா சுப்ராவுல வந்த 2ஜேஇசட் இஞ்சின் இரும்பு பிளாக், மாடு மாதிரி உழைக்கும். ஒத்துக்கறேன். அதே ஜப்பான்ல செஞ்ச மாஸ்டா ஆர்எக்ஸ்-7? பிஸ்டனே இல்லாத ரோட்டரி இஞ்சின். ரோட்டர் முனையில இருக்கற சீல் தேஞ்சா கம்ப்ரஷன் காலி, இஞ்சினைப் பிரிச்சே ஆகணும். அந்தப் பக்கம் பெரும்பாலான கார்வெட்ல பெரிய வி8, ஒரே ஒரு கேம்ஷாஃப்ட், அதுவும் பிளாக்குக்குள்ள. பழைய டிசைன்தான், ஆனா சிக்கல் கம்மி. இப்ப எந்த நாடு ஜெயிச்சுது?

"அதெல்லாம் நமக்கெதுக்கு"ங்கறீங்களா? சரிதான். 2016ல இந்தியாவுக்கு வந்தப்ப மஸ்டாங் 65 லட்சம், நிஸான் ஜிடி-ஆர் 1.99 கோடி. நமக்கு போஸ்டரோட சரி. நம்ம ஆளுங்க ஸ்போர்ட்ஸ் காரா நினைச்சு ஓட்டினது மறைமலை நகர்ல செஞ்ச ஃபோர்ட் ஐகான் 1.6ம், 2000ல வந்த 106 குதிரைசக்தி ஹோண்டா சிட்டி விடெக்கும்தான்.

அந்த மாதிரி ஆசையிலதான் நானும் சூடு பட்டேன். ஒரு பழைய வண்டி வாங்கினேன் (இந்த ரெண்டும் இல்ல). பேரும் நாடும் சொல்ல மாட்டேன், சொன்னா உடனே கட்சி கட்டிடுவீங்க. இஞ்சின் தங்கம். போனது ஒரு சின்ன சென்சார். "பார்ட்ஸ் குடு தம்பி, பத்து நிமிஷத்துல மாட்டிடறேன்"னார் மெக்கானிக் அண்ணன். கிடைக்க 23 நாள் ஆச்சு. நடுவுல ஒரு ராத்திரி அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சது. வாசல்ல பந்தயக் குதிரை நிக்குது, அப்பா பக்கத்து வீட்டுக்காரரோட தக்காளி வண்டியில தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போறார். நல்லாயிட்டார். எனக்குத்தான் இன்னும் ஆறல.

எங்க பொழப்புல 'சப்போர்ட் முடிஞ்சுது'ன்னு ஒரு மெயில் வரும். எவ்வளவு நல்ல சாஃப்ட்வேரா இருந்தாலும் அத்தோட கதை கந்தல். காருக்கும் அதேதான். ஜெனரல் மோட்டார்ஸ் 2017ல இந்திய விற்பனையை மூடிடுச்சு. ஃபோர்ட் 2021ல இங்க உற்பத்தியை நிறுத்தறதா அறிவிச்சது (சர்வீஸ் தொடரும்னாங்க). "பாத்தியா, அமெரிக்கன்!"னு குதிக்காதீங்க. திருவள்ளூர்ல தயாரான மிட்சுபிஷி லான்சர் இப்ப எங்கே? 2022ல டட்சனை நிறுத்தினது யாரு? ஜப்பான்தானே?

ஆனா யமஹா ஆர்எக்ஸ் 100 பாருங்க. 1996லயே தயாரிப்பு நின்னு போச்சு. இன்னிக்கும் பென்னாகரம் ரோட்டுல பறக்குது. ஏன்? எளிமையான டூ-ஸ்ட்ரோக், பார்ட்ஸ் கிடைக்குது, பிரிச்சு மாட்டத் தெரிஞ்ச ஆள் ஊருக்கு ஊர் இருக்கான்.

நம்பகம்ங்கறது பாதிதான் வண்டியில இருக்கு. மீதி நாம இருக்கற ஊர்ல இருக்கு. அதனால வாங்கறதுக்கு முன்னாடி கொடியைப் பாக்காதீங்க. உங்க ஊர் மெக்கானிக்கிட்ட போய், "அண்ணே, இந்த வண்டியைப் பிரிச்சிருக்கீங்களா? பார்ட்ஸ் எத்தனை நாள்ல வரும்?"னு கேளுங்க. அவர் தலையைச் சொறிஞ்சார்னா, எந்த நாட்டு வண்டியா இருந்தாலும் ஜூட்!

டிஸ்கி: மாமா பையா, இதைப் படிச்சேன்னா, அன்னிக்கு டீக்காசு நான்தான்டா குடுத்தேன்.